கணக்கெடுப்பில் எங்கள் வீடு

எங்கள் தலைமயிர் சீப்புக்கு அடங்காது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் எங்களைக் 'காப்பிலி வீட்டார்' என்றுதான் அடையாளம் சொல்வார்கள். ஆபிரிக்காவிலிருந்து ஒல்லாந்தர் கப்பலில் கொண்டுவந்த அடிமைகளின் வழி என்பது ஊர்க்கதை. யாராவது துருவினால், "ஓம், அதுக்கென்ன இப்ப?" என்று பாய்ந்துவிடுவேன். பிறகு சிரிப்பும் வரும்.

கணவனை இழந்த அக்காவுக்குத்தான் நிம்மதி இல்லை. மகளுக்குக் கலியாணம் பேசியாகிவிட்டது. வழக்கப்படி வீட்டைச் சீதனமாக எழுத வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கிணற்றடியில் யாரோ, "எசமான் அடிமைக்குப் போட்ட பிச்சை வீடு" என்று சொல்லிவிட்டார்கள்.

"தம்பி, நீ அரசாங்கக் கச்சேரியிலை கிளாக்கர்தானே? வீடு வீடாய்க் கணக்கெடுத்த பழைய குடிசன மதிப்புப் புத்தகங்களைப் பார். வீடு எப்பிடி வந்ததெண்டு தெரியாமல் பிள்ளைக்கு எழுதமாட்டன். பிச்சையெண்டால் பிச்சையெண்டு சொல்லு. பொய் மட்டும் சொல்லாதை."

ஆறு மாதம் தூசி தின்றேன். கோட்டையில் மேளமடித்தாராம் எங்கள் பூட்டன். அவருடைய தகப்பனைத் தேடினால் எங்கள் ஒழுங்கை வீடுகளின் கணக்கிலேயே அப்படியொருவர் இல்லை. இருமல்தான் மிச்சம்.

"உந்தப் புத்தகங்களிலை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை!" என்று வீட்டுக்கு வந்து கத்தினேன்.

அக்கா மீன் வெட்டுவதை நிறுத்தினாள். "ஆரைத் தேடினனி?"

"பூட்டன்ரை தேப்பனை."

"விசரா! பூட்டன் இந்த வீட்டிலை கலியாணம் முடிச்சு வந்தவரெல்லே? வீடு எனக்கு அம்மா தந்தது. அம்மாவுக்கு அம்மம்மா தந்தது. பொம்பிளையளைத் தேடடா!"

சீதன உறுதிப் பத்திரங்களை நாள்தோறும் புரட்டுகிற கிளாக்கருக்கு இது தோன்றவில்லை! என் மண்டையில் நானே குட்டிக்கொண்டேன்.

பெண்களைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அம்மம்மா இருந்தாள். அவளுடைய தாய் இருந்தாள். செல்லரித்த பழைய புத்தகமொன்றில், அதே ஒழுங்கையில், அந்தத் தாயின் தாய் இருந்தாள். வெள்ளைக்கார எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார்: அடிமையல்லாத, சுயாதீனமான கறுப்புப் பெண். தையல்காரி. ஒரு மகள். வீடு அவளே வாங்கியது.

கச்சேரி முடியுமுன்னரே வீட்டுக்கு ஓடினேன். அந்த நாலு வரியையும் அக்கா மூன்று தரம் சொல்லச் சொன்னாள். "தைச்சே வாங்கினவள்?" என்று கேட்டு, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. அடுத்த கிழமையே உறுதி எழுதினோம். கலியாணமும் குறைவில்லாமல் நடந்தது.

அந்த வருடமே புதிய கணக்கெடுப்புக்கு ஓர் ஆள் படலையைத் தட்டினார். போனமுறை வீட்டுத் தலைவன் என்று என் பெயரைத்தான் எழுதினார்கள். அப்போது அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"வீட்டுத் தலைவர் ஆர்?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"இவ்வளவு நாளும் நான். இனி இவள். இவளின்ரை பேரை எழுதுங்கோ."

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் அவருக்கு மைப்போத்தலை எடுத்துக் கொடுத்தேன்.