ஆவணி பதினைந்தின் பாட்டுகள்

"பிரமோதூத வருஷம், ஆவணி பதினஞ்சு, ஞாயித்துக்கிழமை. அன்னிக்குச் சாயங்காலம் நீங்க எங்கே இருந்தேள்?" என்று கேட்டுக்கொண்டே பிச்சுமணி தபால் கார்டின் மேல் முத்திரையைக் குத்துவார். எதிரே நிற்பவர் திருமங்கலத்துப் பருத்தி வியாபாரி. பதினோரு வருஷத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையை அவர் எங்கே போய்த் தேடுவார்? திருதிருவென்று விழிப்பார். "சரி, அன்னிக்கு ஏதாவது பாட்டுக் கேட்டேளா?" என்று அடுத்த கேள்வி வரும். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள், ஆசாமிக்குக் கொஞ்சம் மரை கழன்றுவிட்டது என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

அப்படியொன்றும் கழலவில்லை. தபாலாபீசில் அவரைப் போலக் கச்சிதமான குமாஸ்தா கிடையாது. காலையில் வந்ததும் முத்திரைக் கட்டையில் தேதியை மாற்றுவது அவர் வேலை. மாற்றிவிட்டு ஒரு காகிதத்தில் குத்திப் பார்த்து, தூக்கிப் பிடித்து, திரும்பவும் குத்திப் பார்ப்பார். நாற்பத்து மூன்று வயது, ஒட்டின கன்னம், வலது கட்டைவிரலில் அழியாத மசி. சாயங்காலம் வீட்டுக்குப் புறப்படும்போது கையில் ஒரு பித்தளைக் கூஜா இருக்கும். அது எப்போதும் காலிக் கூஜா. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருந்து யாரும் பார்த்ததில்லை. கேட்டால், "இருக்கட்டுமே, கனமா என்ன?" என்பார்.

அந்த ஒரு நாளுக்கென்று தனி நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் அன்றைக்குக் கேட்ட பாட்டெல்லாம் அதில் உண்டு. திருப்பரங்குன்றத்துப் பஜனை மடத்துக்குள் முதன்முதலாக ஹார்மோனியம் நுழைந்தது அன்றைக்குத்தான். கோபித்துக்கொண்டு பாதிப் பேர் ஜால்ராவோடு வெளியேறினார்கள். ஒரு நாயனக்காரர் கல்யாண ஊர்வலத்தில் துணிந்து நாடக மெட்டை வாசித்ததும் அன்றைக்குத்தானாம். "அஷ்டமியிலே எவனய்யா கல்யாணம் பண்ணுவான்?" என்று பிச்சுமணி சொன்னவரோடு சண்டை போட்டார். போட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கேள்விக்குறியுடன் எழுதியும் வைத்துக்கொண்டார். மேலமாசி வீதி ஐயர் காபி கிளப்பில் கிராமபோன் பெட்டி முதல்முதலாகப் பாடியதும் அதே சாயங்காலம். எத்தனை மணிக்கு என்று கேட்டால் மட்டும் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "விளக்கு வைக்கிற நேரம்." அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பார்க்கிறவர்கள் பெரிய சங்கீதப் பைத்தியம் என்று நினைப்பார்கள். மனுஷருக்கு ஒரு ராகம் தெரியாது. அவருக்கு வேண்டியது நேரம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவர் தகப்பனார் காலமானார். பஞ்சாங்கப்படி அன்று மாலை ஆறு பதினெட்டுக்கு அஷ்டமி முடிந்து நவமி பிறந்தது. உயிர் போனது எந்தத் திதியில்? வீட்டில் கடிகாரம் கிடையாது. பக்கத்தில் இருந்தது தங்கை பட்டு ஒருத்திதான். இத்தனை வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவளும் அலுத்துப்போனாள். "எத்தனை தடவை அண்ணா சொல்றது? கிளப்புப் பக்கத்திலேருந்து பாட்டு வந்துண்டிருந்தது. ஒரே அடி திரும்பத் திரும்ப வந்தது. அப்பா வாசலைப் பார்த்தார். அப்புறம் பாட்டு மேலே போச்சு. திரும்பிப் பார்த்தா மூச்சு இல்லை." அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆகவே பிச்சுமணி வருஷா வருஷம் இரண்டு திவசம் செய்கிறார், அஷ்டமியில் ஒன்று, நவமியில் ஒன்று. "ஓய், மனுஷன் ஒரு தரந்தானய்யா சாவான்! நீர் உம்ம அப்பாவை ரெண்டு தரம் கொல்றீரே!" என்று திவசம் பண்ணிவைக்கிற ஹாலாஸ்ய சாஸ்திரிகள் தர்ப்பையைக் கீழே போட்டுவிட்டுச் சத்தம் போடுவார். பிச்சுமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிடும். "தப்பான நாள்லே கூப்பிட்டா வருவாரா? வர்ற அன்னிக்கு இலை போடலேன்னா வாசல்லே நின்னுட்டுத் திரும்பிப் போயிடுவாரே?" சாஸ்திரிகள் தர்ப்பையைத் திரும்ப எடுத்துக்கொள்வார். இரண்டு நாளும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

இந்த வருஷத் திவசத்துக்கு நாலு நாள் முன்னால் காபி கிளப் மருது தபாலாபீஸ் ஜன்னலில் தலையை நீட்டினான். அந்த நாளில் கிராமபோனுக்குச் சாவி கொடுத்தவன் அவன்தான். "சாமி, அந்தப் பாட்டுப் பிளேட்டு பரண்ல கெடந்துச்சு. சாயங்காலம் வாங்க, போட்டுப் பாப்பம்" என்றான்.

பிச்சுமணி போஸ்ட்மாஸ்டரிடம் கைக்கடிகாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு ஓடினார். மேஜை மேல் கடிகாரம், பக்கத்தில் நோட்டு, மடியில் கூஜா. "ஆறு மணிக்கு வெளக்குப் பொருத்திட்டு மொதத் தடவ போட்டேன் சாமி, அது நல்லா ஞாபகம் இருக்கு" என்று சொல்லி மருது முள்ளை வைத்தான். ஒரு பெண் குரல் கரகரத்துக்கொண்டு எழும்பியது. பாதியில் முள் மாட்டிக்கொண்டு ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லிற்று. மருது விரலால் ஒரு தட்டுத் தட்டினான். பாட்டு மேலே போயிற்று.

"ரெண்டு நிமிஷம்!" பிச்சுமணி எழுந்தே விட்டார். "அப்போ ஆறு ரெண்டு! அஷ்டமிதான்! மருது, அஷ்டமிதாண்டா!" பதினோரு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

மருது தலையைச் சொறிந்தான். "ஒரு தடவையா போட்டேன் சாமி? ஏழு தடவையில்ல போட்டேன். ஒவ்வொரு தடவையும் அங்கனதேன் மாட்டுச்சு. கடேசித் தடவ போடையில ஆறரைக்கு மேல ஆயிருச்சு."

பிச்சுமணி உட்கார்ந்துவிட்டார். ஆறு ரெண்டா, ஆறரையா? ஏழில் எது? நோட்டைப் புரட்டினார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் புரட்டினார்.

"யாரு ஏழு தரம் போடச் சொன்னது?" என்று கேட்டார். கேட்ட குரலில் கோபம் இல்லை.

"நீங்கதேன சாமி சொன்னீக? இந்தக் கூஜாவ வச்சுக்கிட்டு இதே எடத்துல நின்னு, 'இன்னொரு தரம், இன்னொரு தரம்'னீக. காபி ஆறிப்போச்சுன்னு ரெண்டு வாட்டி மாத்தி ஊத்திக் குடுத்தேனே, மறந்துட்டீகளா?"

பிச்சுமணி மறக்கவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான். "கிளப்புக் காபி ஒரு வாய் குடிக்கணும்னு அப்பா ஆசைப்பட்டார்" என்றார். "அஞ்சு நிமிஷத்திலே வரேன்னு சொல்லிட்டு வந்தேன்." பிளேட்டின் ஓரத்துத் தூசியை விரலால் துடைத்தார். "பாட்டு ரொம்ப நன்னா இருந்தது மருது."

மருது பெட்டிக்கு நாலு சுற்றுச் சாவி கொடுத்துவிட்டு, "இன்னொரு தடவ போடட்டா சாமி?" என்று கேட்டான்.

பிச்சுமணி மூடியைத் திருகிக் கழற்றிக் கூஜாவை அவனிடம் நீட்டினார். மருது உள்ளே போய்க் காபியை நிரப்பிக்கொண்டு வந்தான். அவர் மூடியை இறுகத் திருகி, சூடு தாங்காமல் அங்கவஸ்திரத்தில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். நோட்டும் கடிகாரமும் மேஜைமேல் கிடந்தன. மேலமாசி வீதிக் கூட்டத்தில் வண்டி மாடுகளை விலக்கிக்கொண்டு, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, பிச்சுமணி வீட்டைப் பார்த்து ஓடினார்.