மதிலோரம் விட்ட இரண்டு சோடிச் செருப்பு

அந்தச் சீன நகரத்தில் காலையிலிருந்தே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பேருந்தில் இருபத்திரண்டு பேர். வழிகாட்டிப் பெண்ணோடு இருபத்துமூன்று. பழைய நகர மதிலில் ஏற எழுபத்தாறு படி. மதிலுக்கு இந்தப் பக்கம் ஓட்டுக் கூரைகள், அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள். ஒன்றின் மாடிகளை எண்ணினேன். முப்பத்தெட்டில் வெயில் கண்ணில் அடித்தது. முப்பது வருடம் பழுகாமத்து வயல் வட்டைகளை அளந்த நில அளவையாளன் நான். எண்ணாமல் விட்டால் ஏதோ தொலைந்துவிடும் என்று பயம்.

"சேர், ஆள் எண்ணுறது அந்தப் புள்ளட வேல. நீங்க சீனாவப் பாருங்க," என்றார் பின் இருக்கையில் இருந்த காத்தான்குடிப் புடவைக் கடைக்காரர்.

பதினொன்றரைக்கு ஒரு பழைய கோயில். கடவுச்சீட்டை வைத்தால் திறக்கும் இயந்திரக் கதவு. அதற்கு வெளியிலேயே நானும் மனைவியும் செருப்பைக் கழற்றி மதிலோரம் வைத்தோம். ஊரில் அமிர்தகழிக் கோயிலில் அப்படித்தான் செய்வோம். உள்ளே பார்த்தால் துறவிகள்கூடச் சப்பாத்தோடு நடக்கிறார்கள். மூன்றாவது முற்றத்தில் வழிகாட்டிப் பெண் கொடியைத் தூக்கி, பேருந்து வடக்கு வாசலுக்கு வரும், இனித் திரும்பிப் போவதில்லை என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மனைவிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. போன வருடம் காலில் வந்த புண் ஒரு விரலைக் கொண்டுபோனது. வெறுங்காலோடு அவளை நகரத்தில் நடத்த முடியாது.

"இந்தக் கல்லுலயே இரு. செருப்ப எடுத்துட்டு வாறன்."

"கெதியா வாங்க. பசிக்குது."

இருநூற்றுப் பன்னிரண்டு அடி. வெளியே போய் இரண்டு சோடியையும் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினேன். கதவு திறக்கவில்லை. கடவுச்சீட்டை நான்கு முறை வைத்தேன். ஒரு ஆளை ஒரு தடவைதான் விடுமாம். காவலாளி கையால் காட்டினான். அப்போதுதான் நினைவு வந்தது: அவளுக்குப் பசி வந்து சீனி இறங்கினால் கொடுக்கும் குளுக்கோசு என் சட்டைப் பையில். அவளிடம் தொலைபேசி இல்லை. தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. மயங்கி விழுந்தால் பெயர் சொல்லக்கூட அங்கே ஒருவரும் இல்லை.

அவளுடைய செருப்பை உயர்த்திக் காட்டினேன். என் வெறுங்காலைக் காட்டினேன். பிறகு உள்ளே காட்டினேன். காவலாளி என் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பக்கத்துச் சிறு கதவைத் திறந்தான்.

ஓடினேன். நாற்பது வரை எண்ணியது ஞாபகம்.

கல்லில் அவள் இல்லை. தூண்களுக்கு நடுவே, ஊதுபத்திப் புகைக்குள், எல்லா முகமும் ஒன்றுபோலத் தெரிந்தது.

"சேர், இஞ்ச."

அரசமர நிழலில் புடவைக் கடைக்காரர். பக்கத்தில் அவள், வாயில் அவர் கொடுத்த இனிப்பு டொபி. "வாசலுல எண்ணிப் பாத்தன். ரெண்டு குறஞ்சிது," என்றார். "அக்கா வெயிலுல இருந்து வேர்த்துப் போனா. அதான் நிழலுக்குக் கூட்டி வந்தன்."

நான் நிலத்தில் குந்தி அவள் பாதம் இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். தூசி மட்டும்தான். ஒன்பது விரலையும் இரண்டு தடவை எண்ணினேன்.

பின்னேரம் கண்ணாடிக் கோபுரத்தின் உச்சியில், தரையும் கண்ணாடியான இடத்தில், செருப்புக்கு மேல் துணியுறை மாட்டச் சொன்னார்கள். கீழே நகரம் முழுக்கத் தெரிந்தது. நான் பார்க்கவில்லை. அவளுடைய முந்தானையைப் பிடித்தபடி நின்றேன்.

"விடுங்க, சனம் பாக்குது."

"பாக்கட்டும்."