கொலுப்படி ஏறிய பட்டாளம்

பிரெஞ்சுத் துரைமார்கள் வீட்டைக் காலி செய்து கப்பல் ஏறிய நாட்களில், ஊரில் எல்லோரும் மேசை, கட்டில், நிலைக்கண்ணாடி என்று வாங்கிப் போட்டார்கள். நான் ஒரு பெட்டி ஈயச் சிப்பாய்களை வாங்கினேன். பிள்ளைகளுக்குத்தான் என்று வீட்டில் சொன்னேன். பிள்ளைகளைக் கிட்டே விட்டதில்லை.

என்னைப்போல இன்னொரு பைத்தியமும் ஊரில் இருந்தது: துணிக்கடை பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பட்டாளமும் என் பட்டாளமும் எங்கள் கூடத்தில் மோதும். தாயக்கட்டை உருட்டி, கூட விழுந்தவர் முன்னேறலாம். குறைய விழுந்தவர் பின்வாங்க வேண்டும். தோற்றவர் தன் அதிகாரி ஒருவரைக் கொடுத்துவிட வேண்டும். பின்வாங்குவதில் என்னை மிஞ்சிய தளபதி கிடையாது. கடைசியில் என்னிடம் மிஞ்சிய அதிகாரி வெள்ளைக்குதிரை ஜெனரல் ஒருவர்தான்.

அவருக்குக் கெடு வைத்த ஞாயிறு நவராத்திரியில் வந்தது. பொம்மை போதவில்லை என்று என் மனைவி என் பட்டாளத்தைக் கொலுவின் மேல்படியில் நிறுத்தியிருந்தாள். ஜெனரல் நெற்றியில் குங்குமம்.

"சண்டை வேணாம்னா குதிரையக் குடுத்துடும்" என்றார் பாய்.

"கொலுவுல ஏறினது விஜயதசமிக்கு முன்னாடி இறங்கக் கூடாதுண்ணே" என்றாள் மனைவி.

"இறங்க வேணாம் தங்கச்சி. நாங்க ஏறி வர்றோம்."

உருட்டினோம். அவருக்கே விழுந்தது. செட்டியார் பொம்மையைத் தாண்டி, தசாவதாரத்தைச் சுற்றிக்கொண்டு, படிப்படியாக அவர் பட்டாளம் முழுதும் மேலே போய்ச் சேர்ந்தது. "புடிச்சாச்சு!" என்று ஜெனரலை எடுக்கக் கை நீட்டினார்.

"கைய எடுங்கண்ணே."

"சரி, என் ஆளுங்களையாவது எடுத்துக்கறேன்."

"அவங்களும் ஏறிட்டாங்க இல்ல?"

"இது எந்த ஊர் சட்டம்யா?" என்று பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

தெருப் பெண்களெல்லாம் வந்து, இப்படியொரு கொலுவைக் கண்டதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதோடு எங்கள் விதி முடிவானது. விஜயதசமி கழிந்ததும் என் மனைவி இரண்டு பட்டாளத்தையும் வைக்கோல் சுற்றி, கொலுப்பெட்டியில் அடுக்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுத்த வருஷமும் வேண்டுமாம்.

"நீர் போய்க் கேளும். உம்ம பொண்டாட்டி."

"நீங்க கேளுங்க பாய். உங்க தங்கச்சி."

கடைசியில் இருவரும் சேர்ந்தே சமையலறை வாசல்வரை படையெடுத்தோம். "என்ன?" என்றாள்.

"காப்பி" என்றார் பாய்.