அப்பா படத்துக்கு அடித்த ஆணி

தாமரை மலேசியாவில், கிள்ளானில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். பதினான்கு வருஷத்துக்கு முன்புவரை வாடகை வீடுகள்தான். எந்த வீட்டுக்காரரும் சுவரில் ஒரு ஆணி அடிக்க விட்டதில்லை. செத்துப்போன அப்பாவின் படம் அலமாரி மேல் சாய்ந்தபடியே வீடு வீடாக மாறியது. அதனால் சொந்த வீட்டில் பால் காய்ச்சி இறக்கிய கையோடு அவள் செய்த முதல் வேலை, கூடத்தில் ஆணி அடித்து அப்பாவை மாட்டியதுதான். அன்றைக்கு அழுதாள் பாருங்கள், அப்படி ஓர் அழுகை!

சொந்த வீடு மனுஷியை என்னவெல்லாம் செய்துவிடுகிறது! கல்யாணப் பத்திரிகையைப் போனில் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள், தட்டில் வெற்றிலை பாக்கோடு வாசலுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரன் ஊருக்குப் போனால் வீட்டுச் சாவியை அவளிடம்தான் கொடுப்பார். 'வேன்காரி' என்ற பேர் போய் 'முனை வீட்டு அக்கா' ஆனாள். நிம்மதியாகத் தூங்கினாள். இருந்துவிட்டுப் போகட்டுமே, உழைத்தவள்தானே!

ஆனால் ஒரு தப்புச் செய்திருந்தாள். வேன் ஓட்டுகிறவளுக்குச் சம்பளச் சீட்டு ஏது? பேங்க் மதிக்கவில்லை. ஆபீஸ் வேலையில் இருந்த தம்பி கிஷன்தான் தன் பேரில் கடன் எடுத்து, வீட்டுப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டான்.

"பேரு மட்டும்தான்கா என்னோடது. வீடு உன்னோடது லா."

மாசா மாசம் தவணை கட்டியது அவள். பேரை மாற்றி எழுதிக்கொள் என்று பரமேஸ்வரன் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! "நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். கேட்டா மனசு நோகும்" என்பாள். நோகட்டுமே! அந்த மனசை இவள்தான் பொத்திப் பொத்தி வைத்தாள்.

இந்தத் தீபாவளிக்கும் ஓப்பன் ஹவுஸ் வைத்தாள். கேட் திறந்திருந்தால் யாரும் வரலாம். வந்தவரை நீங்கள் யார் என்று கேட்பது மரியாதை இல்லை. லியோனல், வனேசா என்று ஓர் இளம் ஜோடி வந்தது. தன் வேனில் வரும் ஏதோ ஒரு பிள்ளையின் அப்பா அம்மா என்று நினைத்துத் தட்டு நிறைய ஆட்டுக்கறி வைத்தாள். போகும்போது கொண்டுபோக முறுக்கும் கட்டி வைத்தாள்.

"ஆன்டி, மாடி பார்க்கலாமா?" என்றாள் வனேசா.

"தாராளமா போங்கம்மா."

கொஞ்ச நேரம் கழித்து மாடிக்குப் போனால், லியோனல் ஜன்னலை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"திரைச்சீலைக்கு அளவு எடுக்கிறேன் ஆன்டி. இன்னிக்கு வீடு பளிச்சுன்னு இருக்கும், வந்து பாருங்கன்னு மிஸ்டர் கிஷன் சொன்னாரு. நீங்க இங்க வாடகைக்குத்தானே இருக்கீங்க?"

எப்படிப் படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கூடம் நிறைய அக்கம்பக்கத்தார். நடுவில் கிஷன் கறிச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"வீட்ட விக்கிறியாடா?"

"மெதுவா பேசுக்கா. நல்ல விலை வருது. மூணு மாசம் இருந்துக்கோ, நான் வாடகை கேட்க மாட்டேன்."

வாடகை! அவளிடம்! அவன் தட்டைப் பிடுங்கினாள்.

"தின்னது போதும். வெளிய போடா."

கிஷன் நிதானமாகக் கையைத் துடைத்தான். "யாரு வீட்டுல இருந்துகிட்டு யாரை வெளிய போகச் சொல்றே?"

பரமேஸ்வரன் மட்டும் எழுந்து நின்றார். மற்றவர்கள் அவரவர் தட்டைப் பார்த்தார்கள். தாமரை நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பூமாலையோடு அப்பா படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து தம்பியின் மடியில் வைத்தாள்.

"இவரை மட்டும் ஏன்டா விட்டுவச்சே? இவரையும் சேர்த்து வித்துடு."