சித்தி சொன்ன பொய்

அட்டையில் ஒருவன் சாட்டையை ஓங்கியிருந்ததால் சண்டைப்படம் என்று நம்பித்தான் அப்பா அந்த சிடியை வாடகைக்கு எடுத்து வந்தார். போட்டுப் பார்த்தால், வெள்ளைக்கார முதலாளியிடம் அடிமைகளாக இருந்த கறுப்பு மனிதர்களின் கதை. தமிழில் பேசினார்கள் என்பதால் யாரும் எழுந்து போகவில்லை.

அதில் ஒரு பெண் அடுப்புச் சாம்பலில் விரலால் எழுதிப் பழகுவாள். அடிமை படிக்கக் கூடாதாம். முதலாளி அதைப் பார்த்துவிட்டுச் சாட்டையை எடுத்தான். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அம்மா துணி அலசப் போனாள்.

சித்திக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அம்மாவின் தங்கை அவள். பெற்றோர் இல்லாததால் எங்களோடு இருந்தாள். பீங்கான் பொம்மைக் கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைச் சுரண்டும் வேலை. பள்ளிக்கூடம் போனதில்லை. மறுநாள் காலை வேன் வந்ததும், மேற்கே ஏதோ ஒரு நூல் மில்லுக்கு மூன்று வருஷ வேலைக்குப் போவதாக இருந்தாள்.

“படிச்சா இன்னாத்துக்குடி அடிக்கிறான்?” என்று என்னைக் கேட்டாள்.

“படிக்கலன்னாதான் எங்க டீச்சர் அடிப்பாங்க” என்றேன். ஐந்தாம் வகுப்பு அறிவு அவ்வளவுதான்.

வாசலுக்கும் அடுப்படிக்குமாக நாலைந்து முறை நடந்தாள். பிறகு, கட்டி வைத்திருந்த பையைப் பிரித்து, மில் ஏஜெண்டு கைநாட்டு வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்த காகிதத்தை எடுத்து வந்தாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்று ஆண்டு முடியும் வரை விடுதியை விட்டு வெளியே செல்லக் கூடாது. பெற்றோர் தவிர வேறு யாரையும் சந்திக்கக் கூடாது.

“மாசம் ஒருக்கா வூட்டுக்கு வரலாம்னாரே. இன்னொரு வாட்டி படி.”

மூன்று முறை படிக்க வைத்தாள். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று எனக்கு அழுகை முட்டியது.

“அப்ப ஒங்கம்மாகூட என்னய வந்து பாக்க முடியாது” என்றாள்.

விஷயம் கேட்ட அம்மாவோ, “ஊருல எல்லாந்தான் போவுது, ஒனக்கு மட்டும் என்ன?” என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

காலையில் வேன் வந்தது. உள்ளே ஏற்கெனவே ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஏஜெண்டு, “ஏறும்மா, நேரமாவுது” என்றார். சித்தி என் கையைப் பிடித்தபடி காகிதத்தை அவரிடம் நீட்டினாள்.

“நான் வரலிங்க. மூணு வருசம் வெளிய போவக் கூடாது, யாரையும் பாக்கக் கூடாதுன்னு இதுல எழுதியிருக்குது.”

“யாரு சொன்னது?”

“நானே படிச்சேன்.” வேனுக்குள் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

சித்திக்குத்தான் படிக்கத் தெரியாதே என்று நான் வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டை நசுக்கிவிடுவதுபோல் இறுக்கினாள். ஏஜெண்டு காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“மெய்யாவா?” என்றாள், ஜன்னலோரம் இருந்த பக்கத்துத் தெரு அக்கா.

“மெய்தான்.”

அந்த அக்கா தன் பையை எடுத்துக்கொண்டு வேனிலிருந்து இறங்கினாள். பின்னாலேயே இன்னொருத்தியும் இறங்கினாள். நானோ மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, சித்தி பொய் சொன்னதை அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.