நீளமாகத் தைத்த கை

முதலாளி, நீங்கள் பொய் சொன்னீர்கள்.

உங்கள் பட்டுக்கடை வாசலில் நின்று, சேனல்காரர் நீட்டிய மைக்கில் சொன்னீர்கள்: "அந்தப் பொண்ணு எங்ககிட்ட வரும்போதே அப்படித்தான். வளந்த இடம் அப்படி. பாவம்னு வேலை குடுத்தோம்." அந்த வீடியோவை எங்கள் தெருவில் பார்க்காதவர்கள் இல்லை. வாலாஜாபாத் ரைஸ் மில்லில் என் தங்கையோடு வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் அவள் எதிரிலேயே போட்டுப் பார்த்தார்கள். கடைசியாக என் தங்கை மகளும் பார்த்தாள். நீங்கள் சொன்ன அந்தப் பொண்ணு அவள்தான்.

நான் உங்கள் கடைக்கு ப்ளவுஸ் தைத்தவள். விளம்பரத்துக்குப் படம் எடுக்கும் நாட்களில் அவளுக்குச் சேலை கட்டிவிட்டவளும் நான்தான். எது எப்போது நடந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிளஸ் டூ முடித்ததும் அவள் சேல்ஸ் வேலைக்கு வந்தாள். வாங்க வருகிறவர்கள் முடிவு செய்ய முடியாமல் இழுத்தால், கடைப் பெண்கள் யூனிபார்மின் மேலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். இவள் சுற்றிக்கொண்டு நின்ற சேலைகள் எல்லாம் விற்றுப் போய்விடும். ஒருமுறை ஒரு கல்யாண வீட்டு அம்மா, "வேற எதையும் பிரிக்காத, இந்தப் பொண்ணு மேல இருக்கறதயே குடு" என்றார். நீங்கள் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ப்ளவுஸ் கொடுக்க வந்த என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, இது உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டீர்கள்.

"தங்கச்சி பொண்ணு சார்."

"இவளை வச்சே இந்த சீசன் படம் எடுத்துடலாம். அம்மாகிட்ட நீயே பேசிடு."

பேசினேன். என் தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. "படம் புடிச்சி ஊரெல்லாம் ஒட்டிட்டா நாளைக்கி எவன் வந்து பொண்ணு கேப்பான்?" என்றாள். "நான் கூடவே இருக்கறேன்டி. நான் இருக்கும்போது இன்னா பயம் உனக்கு?" என்றேன். நான் சொன்ன வார்த்தைதான் அது.

படம் எடுக்கிற வேலை எப்படி நடக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கட்டிவிடுகிற சேலை விற்கிற சரக்கு. சாயந்திரம் பழைய மடிப்பிலேயே மடிந்து அலமாரிக்குப் போக வேண்டும். அதனால் ஜரிகையில் பின் குத்தக்கூடாது. இடுப்பில் கயிற்றை இறுக்கிக் கட்டி அதில்தான் கொசுவத்தைச் செருகுவோம். உட்கார்ந்தால் கசங்கும், அதனால் உட்காரக்கூடாது. எண்ணெய்க் கை பட்டுவிடும், சாப்பிடக்கூடாது. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டியிருக்கும், அவிழ்த்துக் கட்ட நேரமில்லை, அதனால் தண்ணீரும் கூடாது. ஃபேன் போட்டால் முந்தானை பறக்கும். காலையிலிருந்து விளக்குச் சூட்டில் நிற்க வேண்டும். இதெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். சேலையில் ஒரு சொட்டு விழுந்தால் பதறுவேன். அவள் உதடு வெடித்திருந்தால் மேலே சாயம் பூசச் சொல்வேன்.

அவளை வைத்து இரண்டாம் முறை படம் எடுத்த நாள் அவளுக்கு மாதவிலக்கு. வலியில் முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேனேஜரிடம் போய், நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் உங்களுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார். நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே கேட்டது.

"கேமராமேன் மெட்ராஸ்லேருந்து வந்து உக்காந்திருக்கான். வலி மாத்திரை ஏதாவது ஸ்ட்ராங்கா வாங்கிக் குடு. ப்ளவுஸ் தைக்கிற அந்த அம்மாவையே குடுக்கச் சொல்லு. அது குடுத்தா பொண்ணு கேக்காம போட்டுக்கும்."

மேனேஜர் எங்கேயோ போய் ஒரு அட்டையைக் கொண்டுவந்தார். பெயர் இருக்கும் பக்கம் கிழிந்திருந்தது. என்ன மாத்திரை என்று நான் கேட்கவில்லை.

"கசக்குது பெரிம்மா."

"முழுங்கு. ஒரு வாய்தான் தண்ணி, லிப்ஸ்டிக் போயிடும்."

அரை மணி நேரத்தில் அவள் வேறு ஆளாகிவிட்டாள். "கால் இருக்கறதே தெரில பெரிம்மா. இன்னும் பத்து சேலை கட்டு, நிக்கறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பஸ் ஸ்டாண்டு எதிரில் நீங்கள் வைத்த பெரிய போர்டில் இருந்தது அன்றைக்கு எடுத்த படம். மகாலட்சுமி மாதிரி சிரிக்கிறாள் என்று ஊரே சொன்ன சிரிப்பு அந்த மாத்திரையின் சிரிப்பு.

பிறகு அவளுக்கு நல்ல காலம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நகைக்கடைக்காரர்கள் கூப்பிட்டார்கள். சென்னையில் பெரிய ஹோட்டல்களில் பட்டுச் சேலையில் நடந்தாள். விமானத்தில் போய் வந்தாள். "ஏர்போர்ட்ல என் மூஞ்சி இருக்குது பெரிம்மா. மூக்கே நம்ம வூட்டுக் கதவு சைஸு" என்று சொல்லிச் சிரிப்பாள். தன் அம்மாவை மில் வேலையை விடச் சொன்னாள். "உன் மூக்க நம்பி நான் வேலய வுட முடியாதுமா" என்றாள் என் தங்கை. அவள் ஒருத்திதான் அப்போதும் நிதானமாக இருந்தாள்.

படம் எடுக்கிற நாட்களில் அவள் பையில் எப்போதும் ஒரு அட்டை இருக்கும். பிறகு மற்ற நாட்களிலும் இருந்தது. மேனேஜரே வாங்கிக் கொடுத்தார். "அக்கா, நேரத்துக்கு வருது, நேரா நிக்குது, நமக்கு இன்னா?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் தடவை கொடுத்தது நான்தானே, இப்போது எந்த வாயால் வேண்டாம் என்பது?

ஒரு முகூர்த்த சீசனுக்கு முன்னால் ப்ளவுஸ் அளவெடுக்கும்போது அவள் முழங்கையின் உள்பக்கத்தைப் பார்த்தேன். ஊசித் தழும்புகள். சில பழையவை, சில இரண்டு நாளுக்கு முந்தையவை. டேப் என் கையில் அப்படியே நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லாத பெரிம்மா" என்றாள்.

சொல்லவில்லை. அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். நான் ப்ளவுஸ் கையை நீளமாக வெட்டினேன். எப்போதும் முழங்கைக்கு மேலே முடிகிற கையை, மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே வரை இறக்கினேன். ஓரத்தில் ஜரிகை பார்டர் வைத்தேன். தழும்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. உங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "பழைய காலத்து ராணி மாதிரி இருக்கு. இதையே போடுங்க" என்றீர்கள். அந்த வருஷம் கல்யாணப் பெண்கள் அவள் படத்தைப் போனில் காட்டி, "அக்கா, எனக்கும் இந்தக் கை வெச்சிக் குடுங்க" என்று வரிசையில் நின்றார்கள். நானும் தைத்தேன். ஒவ்வொரு கை வெட்டும்போதும் அந்தத் தழும்பு ஞாபகம் வரும். ஆனாலும் வெட்டினேன்.

சென்னையில் ஒரு மேடையில் நடக்கும்போது விழுந்தாள். விழுந்ததை நூறு போன்கள் படம் பிடித்தன. அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை, நீங்களும் கூப்பிடவில்லை. என் தங்கைதான் அவளைச் சிகிச்சை மையத்தில் சேர்த்து, வாரம் தவறாமல் போய்ப் பார்த்து, பல மாதம் கழித்துக் கூட்டிவந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவள் பார்த்தது உங்கள் போர்டைத்தான். பிறகு மாற்றி வைத்த நீளக் கைப் படத்தில் கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டு, சேலையையும் ப்ளவுஸையும் மட்டும் விட்டுவைத்திருக்கிறீர்கள். முகம் ஆகாது. நான் தைத்த கை இன்னும் வியாபாரத்துக்கு ஆகிறது.

ஒரகடம் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் அவளுக்கு வேலை சொல்லியிருந்தோம். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அதற்குள், அவள் திரும்பி வந்ததைக் கேள்விப்பட்டுச் சேனல்காரர் உங்களிடம் கேட்க, உங்கள் வீடியோ வந்தது. வர வேண்டாம் என்றார்கள். இப்போது என்னோடு உட்கார்ந்து ஹூக் தைக்கிறாள். போன வாரம் தைத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"பெரிம்மா, நான் வரும்போதே அப்படித்தானா?"

அவளுக்கு அந்த நாட்கள் சரியாக ஞாபகம் இல்லை. நீங்கள் சொன்னதை நம்பத் தொடங்கிவிட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். போன், கிழிந்த அட்டை, ஒரு வாய் தண்ணீர், எல்லாம். அவள் அடுத்த ஹூக்கை எடுத்து வைத்தாள்.

"கசக்குதுன்னு சொன்னனா?"

"சொன்ன."

"நீ முழுங்குன்ன."

"ஆமாம்மா."

அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அத எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? ஊர்ல சொல்லு" என்றாள்.

உங்கள் கடைக்கு வந்தேன். நீங்கள் பார்க்கவில்லை. மேனேஜர்தான் வெளியே வந்தார். "அக்கா, பேசினா உங்களுக்கும்தான் அசிங்கம். ப்ளவுஸ் ஆர்டர் வந்துக்கினு இருக்கணுமா, வேணாமா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றேன். நோய் தீர்ந்தது, வேலை கிடைத்தது என்று ஆண்டவருக்கு நன்றி சொல்கிற நேரம் அது. நான், என் தங்கை மகளுக்கு முதல் மாத்திரையைக் கொடுத்தது நான்தான், தழும்பை மறைத்துத் தைத்ததும் நான்தான் என்று சொன்னேன். பாஸ்டர், "அம்மா, இத தனியா வந்து சொல்லலாமே" என்றார். "தனியா செய்யலயே ஐயா" என்றேன். என் தங்கை எழுந்து வெளியே போய்விட்டாள். இன்றுவரை என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

என் பங்கை நான் சொல்லிவிட்டேன். உங்கள் பங்கு பாக்கி இருக்கிறது. வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம், மேனேஜரிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். எந்த வாசலில் நின்று சொன்னீர்களோ அதே வாசலில், அதே சேனலைக் கூப்பிட்டு, கடை திறந்திருக்கும் நேரத்தில் எல்லோரும் கேட்கும்படி சொல்லுங்கள்: உங்களிடம் வந்தபோது அவள் எப்படி இருந்தாள்? என் கையால் அதைக் கொடுக்கச் சொன்னது யார்?