பனாமாவுக்கு மூட்டை கட்டிய கதை

எங்கள் தாமானிலேயே, அதாவது குடியிருப்பிலேயே, வெளிநாட்டுப் பயணத்துக்கு முதன்முதலில் ஏற்பாடு செய்த குடும்பம் எங்களுடையதுதான். அதுவரை எங்களில் ஒருவர்கூடப் பினாங்கு ஃபெரியில் ஏறியதில்லை என்பது வேறு விஷயம். மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் இருந்துகொண்டு, எடுத்த எடுப்பில் பனாமா கால்வாயைப் பார்க்கப் போவதென்று முடிவாயிற்று. முடிவு செய்தவர் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எழுபதுகள் முடியப் போகும் நேரம். எனக்குப் பத்து வயது.

மாமா அங்கேயே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். கல்யாணமாகாதவர், எங்களோடுதான் இருந்தார். பம்பு, வால்வு, பைப்பு என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஒருநாள் யாரோ தூக்கிப்போட்ட பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றைச் சட்டைக்குள் செருகிக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். இரண்டு பக்கம் நிறையப் பனாமா கால்வாயின் படம். சுற்றிலும் குன்றும் காடும், நடுவில் ஒரு பெரிய கப்பல், வழி தவறி வந்ததுபோல.

"இந்தக் கடலுக்கும் அந்தக் கடலுக்கும் நடுவுல மேடு. கப்பல் என்னா செய்யும்? மூணு படி ஏறும், மேல ஏரியில ஓடும், அந்தப் பக்கம் மூணு படி எறங்கிரும். ஒரு பம்பு கெடையாது மச்சான், ஒத்த பம்பு கெடையாது! தண்ணி தானா ஓடியாந்து தூக்கி விடுது!" என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. சாமியைப் பற்றிக்கூட அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

லாரி ஓட்டுகிற அப்பா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அங்க சோறு கெடைக்குமா?" என்றார். பயணம் அந்தக் கேள்வியிலேயே பாதி உறுதியாகிவிட்டது.

அடுத்த வருடக் கடைசிப் பள்ளி விடுமுறை என்று நாள் குறித்தார் மாமா. வழி பார்த்துச் சொல்வது என் வேலை. பள்ளிக்கூட அட்லஸில் ஜெலாப்பாங் இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலை ஊன்றி, கிழக்கே இழுத்துக்கொண்டே போனேன். பசிபிக் பாதியிலேயே தாள் முடிந்துவிட்டது. மறு ஓரத்திலிருந்து மீண்டும் இழுத்தபோது, உலகம் உருண்டை என்பதை நானே கண்டுபிடித்த மாதிரி இருந்தது. அம்மாவும் சிரித்துக்கொண்டே மிளகாய்த்தூள், நெத்திலிக் கருவாடு, எலுமிச்சை ஊறுகாய் என்று பட்டியல் சொல்ல, நான் நோட்டில் எழுதினேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலிருந்து, "கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் வீட்டுப் பூனையைக்கூட ஒரு வாரம் கொஞ்சவில்லை.

பிறகு மாமா பாஸ்போர்ட் என்ற பேச்சை எடுத்தார். அப்பாவிடம் குடிமக்களுக்கான நீல அடையாளக் கார்டு இருந்தது. மாமா தோட்டத்துப் பள்ளியைத் தாண்டிப் படித்ததால், ஒரு வாத்தியார் விண்ணப்பப் பாரம் எழுதிக்கொடுத்து அவருக்கும் நீலம் கிடைத்திருந்தது. அம்மாவுடையது சிவப்பு. சித்தியவான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் மரம் சீவி, தோட்டம் கைமாறியதும் எங்களோடு ஜெலாப்பாங் வந்தவள் அம்மா. இந்த நாட்டை விட்டு ஓரடி வெளியே வைத்ததில்லை. ஆனாலும் கார்டின்படி அவள் குடிமகள் இல்லை. அதனால் எந்த ஃபேக்டரியிலும் வேலைக்கு எடுக்கவில்லை. நாலு வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"செவப்ப வெச்சிக்கிட்டு பனாமா போக முடியாதுக்கா. நீலத்துக்கு எழுதிப் போட்டுருவோம்லா" என்றார் மாமா.

அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "அப்ப நீங்க போயிட்டு வாங்க" என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

காரணம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நான் தொட்டிலில் கிடந்த காலத்தில், சிவப்புக் கார்டுக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டுமென்று சட்டம் வந்தது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, அதைக் கேட்கத்தான் ஆபீசுக்குப் போனாள். கிடைக்கவில்லை. சில மாதத்தில் குடும்பத்தோடு பினாங்கில் கப்பலேறி, அதுவரை பார்த்தேயிராத இந்தியாவுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அம்மா கார்டை அரிசி டின்னின் அடியில் புதைத்துவிட்டாள். யார் கண்ணிலும் படாமல் இருந்தால் யாருக்கும் தன் ஞாபகம் வராது என்பது அவள் கணக்கு. ஆபீஸ் வாசலை மிதித்தால் அப்படியே கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று நம்பினாள். அவளை மட்டும் சொல்லிப் பயனில்லை, தோட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

மாமா வாதாடவில்லை. மறு ஞாயிறு நல்ல மழை. மழை விட்டதும் வீட்டுக்குப் பின்னால் சரிவாக ஓடும் லோங்காங்கில், அதாவது சாக்கடையில், கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். முந்தின நாளே நான்கு பலகைகளைச் சாக்கடையின் அகலத்துக்கு அறுத்து வைத்திருந்தார். அவற்றை இடம்விட்டு இடம்விட்டுச் செருகி, கீழே ஒரு காலி சார்டின் டின்னை மிதக்க விட்டார். கீழ்ப் பலகையைத் தூக்கி டின்னை உள்ளே விட்டு மூடுவார், மேல் பலகையைக் கொஞ்சம் தூக்குவார். தண்ணீர் பாய்ந்து நிறைய நிறைய, டின் ஆடி ஆடி உயரும். மட்டம் சமமானதும் அடுத்த அறைக்குள் போகும். வேலி ஓரமெல்லாம் கூட்டம். அந்தப் பூனைக்கார அக்காகூட, "ஐயோ, ஏறுதுடி!" என்று கத்திவிட்டாள்.

அம்மா ஈரத் துணியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். டின் மூன்றாவது படியைத் தாண்டியதும், "தம்பி, இன்னொரு தடவ ஏத்திக் காட்டு" என்றாள். நாலாவது தடவை காட்டியபின், "அந்தக் கப்பல்ல நான் ஏற மாட்டேன்" என்றாள்.

"ஏற வேணாம்கா. கரையில நின்னு பாத்துட்டு வந்துரலாம். அதுக்கு நீலக் கார்டு போதும்."

மறுநாள் அவளே அரிசி டின்னைக் கவிழ்த்தாள்.

அதன்பிறகு மாமா பட்ட பாடு கொஞ்சமல்ல. பழைய தோட்டத்துக்குப் போய், அம்மா பிறந்த விவரத்தைக் கிராணி என்ற தோட்டக் கணக்கரின் பழைய பேரேட்டில் தேடிப் பிரதி எடுத்து வந்தார். சாட்சி சொல்ல இரண்டு பேரைப் பிடித்தார். நேர்காணலில் மலாயில் பேச வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்ததோ சந்தை மலாய், மீன் விலைக்கு மேல் போகாது. மாமா தினமும் வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். பாடம் என்ன? பனாமா கால்வாய்தான். கதவுக்கு என்ன சொல்வது, தண்ணீர் நிறைவதை எப்படிச் சொல்வது, கப்பல் மலை ஏறுகிறது என்பது எப்படி. "கப்பால் நாயேக் புக்கிட்" என்று அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டே சொல்லிப் பார்ப்பாள். தனக்கோ அப்பாவுக்கோ பாஸ்போர்ட் எடுக்க மாமா ஒரு பாரம்கூட வாங்கி வரவில்லை. அதை நான் கவனிக்கவேயில்லை.

நேர்காணலுக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். அம்மாவின் உள்ளங்கை என் கையில் நனைந்துகொண்டே இருந்தது. சொங்கோக் தொப்பி அணிந்த வயதான மலாய் அதிகாரி பெயர், ஊர், பிள்ளைகள் என்று கேட்டார். அம்மா முணுமுணுத்தாள். இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் விண்ணப்பம் என்று அவர் கேட்டதும் என் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கப்பால் நாயேக் புக்கிட் என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. மேசையிலிருந்த ரப்பர் முத்திரையை எடுத்துக் கப்பலாக்கி, கோப்புகளை அடுக்கிப் படியாக்கி, கதவைத் திறந்து மூடி, மூன்று படியும் ஏற்றிவிட்டாள். அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். "சரி, ஏறியது எப்படி இறங்கும்?" என்று மலாயில் கேட்டார். அம்மா இறக்கியும் காட்டினாள். வெளியே வரும்போது மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். மாமாவைப் போல ஒரு மனுஷனை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

கார்டு வர ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. குறித்த விடுமுறையும் வந்து போனது. நான் கேட்கும்போதெல்லாம், "லீவு கெடைக்கல பாப்பா, அடுத்த வருசம்" என்பார் மாமா. கால்வாய் மேல் அவர் வைத்திருந்த ஆசை பொய்யில்லை. போவோம் என்றதுதான் பொய் என்று எனக்குப் புரிய ஆரம்பித்திருந்தது. அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை அம்மாவும் மாமாவும் போய் நீலக் கார்டை வாங்கி வந்தார்கள். அம்மா நேராகச் சமையல் கட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, தோளெல்லாம் குலுங்க அழுதாள்.

ஆசை காட்டி, பாடம் படிக்க வைத்து, கடைசியில் என் அம்மாவை இப்படி ஏமாற்றிவிட்டாரே! வாசற்படியில் நின்ற மாமாவை முறைத்துவிட்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அழாதம்மா. மாமா கூட்டிட்டுப் போகாட்டி போகட்டும். நான் பெரியவளாயி ஒன்னைய பனாமாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு முன்னைவிடப் பலமாக அழுதாள். பனாமா மட்டும் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சூயஸுக்கும் சேர்த்தே கூட்டிப் போவதாகச் சத்தியம் செய்தேன்.